எங்கள் குடும்பத்தின் ஒரே நல்ல ஈரல்

என் ஈரலைவிடச் சுத்தமான ஈரல் எங்கள் வம்சத்தில் இதுவரை உருவானதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. ஸ்கேன் எடுத்த டாக்டரே திரையை என் பக்கம் திருப்பிக் காட்டி, "இதை பாடப் புத்தகத்துல போடலாம் தம்பி" என்றார். கொழுப்பு இல்லை, வீக்கம் இல்லை, ரத்தக்குழாய்கள் யாரோ அளந்து வரைந்ததுபோல் கிளை பிரிந்திருந்தன. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "சாப்பிட்டுட்டு தட்டைக் கழுவி வை" என்றாள். எங்கள் வீட்டில் உள்ளுறுப்புகளுக்கு அவ்வளவுதான் மரியாதை.

அப்படிப்பட்ட ஈரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்பதை நிதானமாக விளக்கிவிடுகிறேன். நிதானம் எனக்குக் கைவந்தது. நான் குடிப்பதில்லை.

முதலில் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி, லிப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் ஜனங்களை மேலே அனுப்பிவிட்டுத் தான் மட்டும் கீழே போய்க்கொண்டிருந்தவர். எங்கள் வீட்டு மாடியில் அத்தையோடு குடியிருந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த இடத்தில் என்னை வைத்திருந்தார்கள். வேலைக்குப் போய்வரும் வழியில் ஒரு மதுக்கடை இருந்தது. விடுமுறை நாளில்கூட வழி மறந்துவிடக்கூடாது என்று ஒரு நடை போய்விட்டு வருவார்.

அவருடைய குடிக்கும் எனக்கும் ஒரு தொழில் உறவு உண்டு. கல்லூரியில் என்னை மைக் என்றுதான் கூப்பிடுவார்கள். மேடை எங்கே கிடைத்தாலும் ஏறி, குடிகாரரைப் போல் நடித்துக்காட்டுவேன். அதில் ஒன்றுகூட என் கற்பனை இல்லை. படிகளை எண்ணிக்கொண்டே ஏறி, பாதியில் கணக்கு தப்பியதால் நேர்மையாகக் கீழே இறங்கி மறுபடி முதலிலிருந்து ஏறுவது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, "பாத்தியா, சத்தமே இல்லாம வந்தேன்" என்று தெருமுனைவரை கேட்கும்படி மனைவியிடம் சொல்வது. பூட்டாத கதவைச் சாவி போட்டுத் திறக்கப் பார்ப்பது. எல்லாம் மாமாவின் சரக்கு, விற்பனை மட்டும் என்னுடையது. ஒருமுறை அவரே முன்வரிசையில் வந்து உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். வெளியே வந்ததும், "யாரு மாப்ள அந்த ஆளு? பொண்டாட்டி பாவம்" என்றார். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. முதல் பரிசு வாங்கியவன் அதையெல்லாம் கேட்கக்கூடாது.

பிறகு மாமாவுக்குக் கண் மஞ்சளானது. கைகால் மெலிந்து, வயிறு மட்டும் தண்ணீர் கட்டிப் பெருத்தது. அத்தையும் நானும் அவரை அழைத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் போனோம். பெரிய டாக்டர் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார், ஆனால் ஆள் சின்னது. மேஜைக்குப் பின்னால் கண்ணாடியும் நெற்றியும்தான் தெரிந்தன.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"லிப்ட் ரிப்பேருங்க சார்."

"ஒரு லிப்டுல தாங்குற எடைக்கு மேல ஏத்தினா என்ன ஆகும்?"

"மணி அடிக்கும் சார். கதவு மூடாது."

"ஈரலுக்கு அந்த மணி கிடையாது. எவ்வளவு ஏத்தினாலும் கதவை மூடிட்டு மேல போயிட்டே இருக்கும். ஒருநாள் அறுந்துக்கிட்டு விழும்போதுதான் உங்களுக்கே தெரியும்."

மாமா தொழில்முறையில் இதை யோசித்துப் பார்த்தார். "மணி வைக்காம ஏன் சார் பண்ணாங்க?" என்றார். டாக்டர் ஒரு தாளை எடுத்து வரைந்தார். முதலில் ஈரலில் கொழுப்பு சேரும்; அப்போதே குடியை நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும். அடுத்து வீங்கிப் புண்ணாகும். அப்போதும் நிறுத்தினால் பெரும்பாலும் பிழைக்கலாம். கடைசியில் புண் ஆறிய இடமெல்லாம் தழும்பாகும். தழும்பு வேலை செய்யாது. வேலை செய்யாததோடு, வழியையும் அடைத்துக்கொண்டு நிற்கும். ரத்தம் போக இடமில்லாமல் உணவுக்குழாயில் போய் முட்டும். வயிற்றில் தண்ணீர் இறங்கும். ஈரல் வடிகட்டாத விஷம் மூளைக்கு ஏறும்.

"நான் எந்த மாடியில சார் இருக்கேன்?" என்றார் மாமா.

"கடைசி மாடி."

"மேலயிருந்தா, கீழயிருந்தா?"

"ஏங்க, கொஞ்சம் வாயை மூடுங்க" என்றாள் அத்தை.

வைத்தியத்தின் முதல் மருந்து குடியை நிறுத்துவது, மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் என்று டாக்டர் சொன்னார். சாப்பாட்டில் உப்பைக் குறைக்க வேண்டும், ஆனால் முட்டையும் பருப்பும் நிறையக் கொடுக்க வேண்டும். பட்டினி போட்டால் உடம்பு தன் சதையைத் தானே தின்னும். நீர் இறங்க மாத்திரை. விஷம் மூளைக்குப் போகாமல் வயிற்றோடு வெளியேற ஒரு சிரப். பாகுபோல் திகட்டும் இனிப்பு, குடித்தால் கழிப்பறைக்கு ஓட வேண்டும். குழப்பம் வருகிறதா என்று பார்க்க, போக்குவரத்துப் போலீஸ் வண்டியை நிறுத்துவதுபோல் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்ல வேண்டும். கை படபடவென்று சிறகடித்தால் சிரப் போதவில்லை என்று அர்த்தம்.

எங்களில் யாரும் எதிர்பாராத ஒன்று அப்போது நடந்தது. மாமா குடியை நிறுத்திவிட்டார். சும்மா பேச்சுக்கு அல்ல, நிஜமாகவே நிறுத்திவிட்டார். கை நடுங்கியது, வியர்த்தது, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து மருந்து கொடுத்து அதைத் தாண்ட வைத்தார்கள். பிறகு அவர் கடை இருக்கும் தெருவை விட்டுவிட்டுச் சுற்றுவழியில் நடந்தார். மாதக்கணக்கில் அப்படியே இருந்தார். மேடைக்கு எனக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆனால் தழும்பு தழும்புதான். வயிற்றில் தண்ணீர் எடுக்க எடுக்க ஊறியது. இனி வேறு ஈரல்தான் வழி என்றார் டாக்டர். உறவில் யாராவது பாதி கொடுத்தால் போதும். கொடுத்தவருக்கு அது சில மாதங்களில் வளர்ந்துவிடும். அத்தையின் ரத்த வகை சேரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. சாப்பாட்டு மேஜையைச் சுற்றி எல்லாரும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் நிற்பவனுக்கு மௌனம் ஆகாது. யாராவது எதையாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "நான் தர்றேன்" என்றேன்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாமா எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார். செய்தி மறுநாளே கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது; நான்தான் கொண்டுபோனேன். முதல்வர் கூட்டம் போட்டார். என் படத்தை வாசலில் பெரிதாக அச்சடித்து மாட்டினார்கள். மேடையில் நான் சிரிக்க வைக்கவில்லை. ரத்த பந்தம், தியாகம், ஈரல் ஆகிய மூன்றையும் பற்றிப் பேசினேன். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அதுவரை எனக்காக யாரும் எழுந்து நின்றதில்லை. சிரிப்பவர்கள் உட்கார்ந்தே சிரித்துவிடுகிறார்கள்.

ரத்த வகை சேர்ந்தது, பாடப் புத்தக ஸ்கேனும் முடிந்தது. அதன்பிறகுதான் அறுவை சிகிச்சை செய்பவர் என்னைப் படுக்க வைத்து, எங்கே வெட்டுவார் என்பதை வயிற்றின் மேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார். கோடு நெஞ்சுக்குக் கீழே தொடங்கி இறங்கி, வளைந்து, விலா வரைக்கும் போய்க்கொண்டே இருந்தது. கொடுப்பவருக்கும் அரிதாக ஆபத்து நேர்வதுண்டு, சொல்லிவிடுவது எங்கள் கடமை என்றார். எனக்கு எந்தப் பயமும் இல்லை. உள்ளங்கை வியர்த்தது உண்மை. அந்த அறையில் ஏசி சரியில்லை. எழுந்தபோது கால் கொஞ்சம் மடங்கியது, கட்டில் உயரம்.

அடுத்த அறையில் கோஆர்டினேட்டர் அக்கா இருந்தார். தானம் கொடுப்பவர்களைத் தனியாக உட்கார வைத்துப் பேசுவது அவர் வேலை. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

"மனசாரத்தான் கொடுக்கிறியா தம்பி?"

"ஆமாங்க்கா."

"வேணாம்னு தோணினா இப்போ சொல்லிடு. எனக்குக் காரணம் வேணாம். உன் ஈரலோட அமைப்பு சரிப்படலைன்னு நாங்களே வீட்டுல சொல்லிடுவோம். உன் பேர் கெடாது. இது எல்லாருக்கும் சொல்றதுதான்."

கவனிக்க வேண்டும். வெளியேற ஒரு கதவு திறந்தே இருந்தது. பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஆளும் இருந்தார். ஆனால் என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். பாடப் புத்தகத்தில் போட வேண்டிய ஈரல். அதை லாயக்கில்லை என்று சொல்வார்களாம், நான் தலையை ஆட்ட வேண்டுமாம். அம்மா அதை நம்புவாள், அத்தை நம்புவாள், வாசலில் மாட்டிய படத்தைக் கழற்றுவார்கள். இல்லாத குறையை ஈரல் மேல் சுமத்தும் ஒரு பொய்க்கு என்னால் உடன்பட முடியவில்லை. "நான் தயார்க்கா" என்றேன். அவர் என்னை மரியாதையோடு பார்த்தார்.

பேச்சுவாக்கில் அவரே இன்னொன்றும் சொன்னார். ஆபரேஷன்வரை மாமாவின் சிறுநீரை அவ்வப்போது சோதிப்பார்களாம். குடித்துச் சில நாள் ஆனாலும் அது காட்டிக்கொடுத்துவிடுமாம். குடித்தது தெரிந்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும். மறுபடியும் தெரிந்தால் இல்லவே இல்லை. "நீ அவர்கூட இருக்கிறதால சொல்றேன், கண்ணு வச்சுக்கோ" என்றார். இந்தத் தகவலை நான் கேட்டுப் பெறவில்லை. தானாக வந்தது.

அப்போது எனக்குத் தெளிவாகப் புரிந்த விஷயம் இது: மாமா தவறினால் ஆபரேஷன் நடக்காது. ஆனால் நான் கொடுக்கத் தயாராக இருந்தவனாகவே இருப்பேன், காலமெல்லாம். என் ஈரலும் முழுதாக இருக்கும், அதன் பேரும் முழுதாக இருக்கும். அவர் எப்படியும் ஒருநாள் தவறத்தான் போகிறார், எந்தக் குடிகாரர் தவறாமல் இருந்திருக்கிறார்? என் பங்கு தேதியை முன்னால் நகர்த்துவது மட்டும்தான்.

அத்தை தையல் கடைக்கு வேலைக்குப் போவாள். மதியம் கல்லூரி முடிந்து வந்து சிரப் கொடுப்பது என் பொறுப்பு. எங்களை யாருக்கும் தெரியாத ஏரியாவில் ஒரு கடைக்குப் போனேன். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"என்ன தம்பி, முதல் தடவையா?" என்றார் கடைக்காரர்.

"மாமாவுக்குண்ணா."

"எல்லாரும் முதல்ல மாமாவுக்குத்தான் வாங்குறாங்க" என்று தண்ணீர்போல் தெளிவாக இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். உண்மை பேசுகிறவனை யாரும் நம்புவதில்லை என்பதை அங்கேதான் முதலில் கவனித்தேன்.

சிரப்பின் இனிப்பில் எதுவும் கரைந்துவிடும். மாமா அந்த நாட்களில் மந்தமாகத்தான் இருந்தார்; கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார், முகத்தைச் சுளிப்பார், "இதுக்கு நான் குடிச்ச எல்லாமே அமிர்தம் மாப்ள" என்பார். அன்றும் அதையேதான் சொன்னார்.

சோதனை முடிவைச் சொல்ல டாக்டர் எல்லாரையும் கூப்பிட்டார். மாமா சிரித்தார். "சார், மிஷின் மாறிப்போச்சு. நான் குடிக்கலை" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அத்தை அவரைப் பார்த்த பார்வையை என்னால் மேடையில்கூட நடித்துக்காட்ட முடியாது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "எத்தனை வருஷமாடா இதே வசனம்? பையன் வயித்தை அறுத்துக் கொடுக்கறேங்கறான், உனக்கு நாக்கை அடக்க முடியலையா?"

"அக்கா, சத்தியமா இல்லக்கா."

"சத்தியமும் நீதான் பண்ணுவ. போன தடவை பண்ணதும் நீதான்."

மாமா என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீதானே கூட இருந்த. நீ சொல்லு. நான் குடிச்சேனா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல மாமா" என்றேன். 'எனக்குத் தெரிஞ்சு' என்பதை மட்டும் கொஞ்சம் இழுத்துச் சொல்லிவிட்டு, தரையைப் பார்த்தேன். எல்லாருக்கும் புரிந்தது. நான் ஒரு வார்த்தைகூடக் கூடுதலாகச் சொல்லவில்லை.

அதன்பின் மாமா தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தார். விஷம் ஏறிய மூளைக்கு நேற்றும் இன்றும் ஒட்டிக்கொண்டுவிடும் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். "தூக்கத்துல எந்திரிச்சுப் போயிருப்பேனோ?" என்று என்னிடம் கேட்பார். சட்டைப் பைகளைத் தானே துழாவிப் பார்ப்பார். கையை நீட்டிப் பார்த்து, அது சிறகடிப்பதைக் கண்டு உள்ளே இழுத்துக்கொள்வார். கடைசியில் அவரே அத்தையிடம் ஒரு யோசனை சொன்னார்.

"நீ வேலைக்குப் போறப்ப வெளிப்பக்கம் பூட்டிட்டுப் போ. நான் கெஞ்சினாலும் திறக்காத."

அத்தை பூட்டை வாங்கி வந்தாள். சாவியை நம்பிக்கையான ஆளிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். அந்த ஆள் தினமும் மதியம் திறந்துகொண்டு உள்ளே போய், பத்திரமாகத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, சிரப்பை ஊற்றினான்.

ஆஸ்பத்திரி இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருந்தது. அடுத்த சோதனைக்கு முன் மாமாவுக்கு மருந்து மாற்றியிருந்தார்கள், தலை தெளிந்திருந்தது. இதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அன்று சிரப்பை வாயில் வாங்கியவர் விழுங்கவில்லை. கண்ணைத் திறந்தார். தன் வாழ்நாளில் பாதியை ஒரே ஒரு ருசியோடு கழித்தவரிடம் அந்த ருசியை இனிப்பில் போட்டு மறைக்கலாம் என்று நான் நினைத்தது, யோசித்தால், சின்னப்பிள்ளைத்தனம்தான். அவர் என்னையே பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணின் மஞ்சள் நன்றாகத் தெரிந்தது. பிறகு விழுங்கினார்.

"மாப்ள."

"என்ன மாமா?"

"பயமா இருக்கா?"

"எதுக்கு மாமா?"

"கத்திக்கு."

"சேச்சே. அதெல்லாம் ஒண்ணுமில்ல."

தலையாட்டினார். அளவு மூடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை நான் கழுவப் போனபோது என் கையிலிருந்து வாங்கி அதையும் குடித்தார். ஓசியில் கிடைத்தால் விடுவார்களா என்று அப்போது நினைத்தேன். "நல்லா படி" என்றார். சம்பந்தமே இல்லாமல்.

இரண்டாவது முடிவைச் சொல்ல டாக்டர் வாயெடுப்பதற்கு முன்பே மாமா பேசிவிட்டார்.

"நான்தான் சார் குடிச்சேன். முன்னாடியும் நான்தான். வீட்டுல யாருக்கும் தெரியாது. பையன் பாவம், அவன் கொடுக்கணும்னுதான் நின்னான்."

அத்தை அழுதாள். கடைசியிலாவது உண்மையை ஒத்துக்கொண்டாரே என்று அம்மாவும் அழுதாள். எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அவரை நினைத்து வருத்தமாகவும் இருந்தது. சாகும் தறுவாயிலும் அந்த மனிதரால் பொய் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குடி மனுஷனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள்.

அதற்குப் பிறகு நீண்ட நாள் இல்லை. ஒரு காலையில் கைகழுவும் தொட்டி நிறைய ரத்தமாக வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் குழாய்விட்டு அடைக்கப் பார்த்தார்கள், அடைத்த இடத்துக்குப் பக்கத்தில் வெடித்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் அத்தையின் கையைப் பிடித்துவிட்டு அடுத்து என் கையைப் பிடித்தார்கள். கல்லூரி முதல்வர் நேரில் வந்தார். "நீ உன் கடமையைச் செஞ்சிட்ட" என்றார். நான் மறுக்கவில்லை, துக்க வீட்டில் எதிர்த்துப் பேசுவது மரியாதையில்லை. கோஆர்டினேட்டர் அக்காவும் வந்திருந்தார். மற்ற குடும்பங்களுக்குத் தைரியம் சொல்ல ஒருநாள் வந்து பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஒத்துக்கொண்டேன்.

நேராகச் சொல்லச் சொன்னால் சொல்லிவிடுகிறேன். மாமாவைக் கொன்றது குடி. ஊற்றிக் கொடுத்தது நான். இதில் முதல் வாக்கியம்தான் முக்கியமானது; டாக்டர்களும் அதையேதான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது மறுபடியும் மேடை ஏறுகிறேன். பழைய நிகழ்ச்சியையே கேட்கிறார்கள், குடியின் தீமை என்று தலைப்பை மட்டும் மாற்றிவிட்டார்கள். முன்பு மாமாவைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். இப்போது பார்க்க ஆளில்லை. நாக்கு எந்த இடத்தில் தடித்துப் புரளும், முட்டி எப்போது தளரும் என்பது கண்ணாடி முன் நின்றால் வரவில்லை. அனுபவம் இல்லாமல் நடிப்பது கலைக்கே துரோகம். அதனால் ஒத்திகைக்கு முன் சிரப்பின் அளவு மூடியில் ஒரு மூடி மட்டும். ஒத்திகை முடிந்ததும் உடம்பை நிதானத்துக்குக் கொண்டுவர இன்னொன்று. நிகழ்ச்சி இல்லாத வாரங்களிலும் ஒத்திகை விட்டுப்போகக்கூடாது. மாமா குடித்ததோடு இதைச் சேர்த்துப் பேச வேண்டாம். அவருக்கு அதில் எந்த நோக்கமும் இருந்ததில்லை.

நேற்று அம்மா என் அறையைப் பெருக்க வந்தவள், துணி அலமாரியில் ஸ்வெட்டர்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னடா இது?"

"நாடகத்துக்கும்மா. மேடையில மேஜை மேல வைக்கிறதுக்கு."

பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். "பாதிதான் இருக்கு?"

"ஒத்திகையில கொட்டிடுச்சும்மா."

அவள் முகம் தெளிந்தது. மூடியை இறுக்கித் திருகி, சேலைத் தலைப்பால் பாட்டிலைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள். அவள் ஒரு சொல்லும் சந்தேகப்படவில்லை. தம்பியைப் போல் அல்ல, தன் பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.